மடியில் வந்த கண்ணாடி

1986இல் முடிச்சூரில் எங்கள் வீடு எழும்பி நின்றபோது அப்பாவின் கையில் காசு தீர்ந்துவிட்டது. கூடத்துச் சுவரில் ஓர் அலமாரிக்கு இடம் விட்டிருந்தார். முப்பது அங்குல அகலம், ஒன்றேகால் அடி ஆழம். கீழ்த்தட்டுக்கு மட்டும் மேஸ்திரி ஒரு கடப்பாக் கல்லைப் பதித்திருந்தார். மேலே நாலு தட்டு வேண்டும். தேக்குப் பலகை விலை கேட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி அப்பா அதிகம் பேசவில்லை. மறுநாள் காலையில், “கண்ணாடி போட்டுடலாம். அம்மாவோட கொலு பொம்மை நல்லா தெரியும்” என்றார்.

அந்த நாளில் தாம்பரத்தில் கண்ணாடி என்றால் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைதான். தட்டுக்கான கண்ணாடி வாங்கப் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். அப்பாவுக்குப் பழைய பொருள் என்றால் மூர் மார்க்கெட்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1985 மே 30 அன்று அது எரிந்துபோயிருந்தது. “மார்க்கெட் இருந்திருந்தா பாதி விலையில முடிச்சிருப்பேன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் பாரிமுனைப் பக்கம் ஒரு சந்துக்குள் கண்ணாடிக் கடை கிடைத்தது.

கடை முழுக்க வைக்கோல். மரப்பெட்டிகளில் வைக்கோலுக்கு நடுவே தகடு தகடாக நின்றது கண்ணாடி. கடைக்காரரை அப்பா ‘பாய்’ என்று கூப்பிட்டார். அவர் ஒரு தகட்டை எடுத்து மேசையில் படுக்கவைத்து, மரக்கோலை அணைத்துப் பிடித்து, வைரம் பதித்த பேனாவால் ஒரே கோடு இழுத்தார். கீழிருந்து மெல்ல ஒரு தட்டுத் தட்டி, இரண்டு கையாலும் அழுத்தினார். தகடு கோட்டோடு பிரிந்தது. பதின்மூன்று வயதில் நான் பார்த்த மிகச் சுத்தமான வேலை அதுதான்.

வெட்டுவதற்கு முன்னால் பாய் ஒரு வார்த்தை சொன்னார்: “தட்டுக்குன்னா இதைவிடத் தடி கண்ணாடியா எடுங்க சார். இது ஜன்னலுக்குத்தான் சரி.” அப்பா சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தார். “பொம்மை வெக்கத்தானே பாய். நாலு எம்.எம். போதும்” என்றார். ஆழத்தையும் எட்டு அங்குலமாகக் குறைத்தார். கரையைத் தேய்த்து மழுங்க வைப்பதற்குத் தனிக்காசு என்றதும் அதையும் வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து அவரே தேய்த்தார்.

கடற்கரை ரயில் நிலையத்தில் மின்ரயில் ஏறினோம். 1931இல் ஓட ஆரம்பித்த அதே மீட்டர்கேஜ் தடம். நாலு கண்ணாடியையும் நாளிதழில் சுற்றிக் கோணியில் கட்டியிருந்தோம். ஒரு முனை அப்பா மடியில், மறுமுனை என் மடியில். மாம்பலத்தில் கூட்டம் ஏறியபோது அப்பா எழுந்து நின்று, முதுகை ஜனங்கள் பக்கம் கொடுத்து, கண்ணாடிக்கு வேலியாகக் குனிந்துகொண்டார். பல்லாவரம் தாண்டும் வரை அப்படியே நின்றார். தாம்பரத்தில் இறங்கியதும் சைக்கிள் ரிக்‌ஷா. முடிச்சூர் சாலையின் ஒவ்வொரு குழிக்கும் ரிக்‌ஷாக்காரரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, கண்ணாடியைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து, பிறகு ஏறினார்.

அந்தக் கண்ணாடியில் அலை இருந்தது. தலையை அசைத்தால் பின்னாலிருக்கும் பொம்மையும் நெளியும். உருகிய கண்ணாடியைத் தகடாக இழுத்து எடுக்கிற பழைய முறையில் அந்த நெளிவு தவிர்க்க முடியாதது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு மட்டமாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இலேயே அறிவித்துவிட்டது. எங்கள் அலமாரிக்கு வந்தது என்னவோ பழைய நெளிவுதான். என் தங்கைக்கு அது பிடிக்கும். தசாவதாரத்தில் மச்சாவதாரம் மட்டும் நிஜமாக நீந்துகிறது என்பாள்.

1989 நவராத்திரி. தங்கைக்கு ஏழு வயது. இரண்டாவது தட்டில் செட்டியார் பொம்மை இருந்தது. அதன் முன்னால் பரப்பியிருந்த கடையில் வெல்லத்தை எடுக்க அவள் எம்பி, தட்டின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். நான் கிணற்றடியில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது கண்ணாடி இரண்டு நீளத் துண்டாக உடைந்து, ஒன்று சுவரோடு நின்றிருந்தது. இன்னொன்று அவள் கணுக்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தத் துண்டின் வடிவம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அரிவாள்மணைக் கத்தி மாதிரி, நுனி வளைந்து. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவின் புடவைத் தலைப்பைக் கிழித்துக் காலைக் கட்டி, சைக்கிள் கேரியரில் அம்மா அவளை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, நான் தாம்பரம் வரை மிதித்தேன். பதினோரு தையல்.

அன்றிரவு அப்பா மீதி மூன்று தட்டையும் கழற்றி, மறுபடி நாளிதழில் சுற்றி, கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. 2011இல் போகும் வரை பேசவில்லை. அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. உடைந்தாலும் ஆளை அறுக்காத கண்ணாடி என்று ஒன்று உண்டு, அது கார் ஜன்னல்களில் இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் வீட்டுத் தட்டுக்கு அதை யாரும் நறுக்கித் தந்திருக்க மாட்டார்கள்.

அதன்பின் அலமாரிக்கு மாம்பலகை வந்தது. பலகையைக் கறையான் தின்றதும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை போட்டோம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு ஊருக்குள் வந்தது. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டுத்தான் ஆட்களை எடுத்தார்கள். தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மரத்தூள் பலகை ஊறிய ரொட்டியாக உப்பிக் கிடந்தது. கடப்பாக் கல்லை மட்டும் துடைத்தால் போதுமாக இருந்தது. ஒன்பது வருஷம் அந்த அலமாரியைத் திரை போட்டு மூடி வைத்திருந்தேன்.

போன வருஷம் என் மனைவிதான் திரையை விலக்கினாள். அம்மாவின் பொம்மைகள் பரணில் இருந்ததால் தப்பியிருந்தன. தண்ணீருக்கும் கறையானுக்கும் அஞ்சாத தட்டு என்றால் மறுபடி கண்ணாடிதான். தங்கை சிட்லபாக்கத்திலிருந்து வந்து பார்த்தாள். “கண்ணாடியா, அண்ணா?” என்று மட்டும் கேட்டாள். அவளுடைய பேத்திக்கு இப்போது நடக்கும் வயது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் டஃபன் கண்ணாடியைப் பற்றிப் படித்தேன், கேட்டேன், அலைந்தேன். ‘டஃபன்’ என்பது கடைக்காரர்கள் வாயில் வரும் சொல். கடினப்படுத்திய கண்ணாடி. இதன் சூட்சுமத்தை வண்டிப் பட்டடையில் நின்று பார்த்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆறும்போது பட்டா சுருங்கி மரத்தை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். டஃபன் கண்ணாடியில் அந்தப் பட்டாவின் வேலையை உட்புறம் செய்கிறது. சாதாரணத் தகட்டை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாக அடித்தால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உட்புறம் பிறகு ஆறிச் சுருங்கும்போது அந்தத் தோலை இழுத்து நெருக்கும். கண்ணாடி உடைவது மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல் விரிவதால்தான். நெருக்கிப் பிடித்த தோலில் கீறல் விரிய இடமில்லை. அதனால் நாலைந்து மடங்கு பலம். மீறி உடைந்தால் உள்ளே அடைபட்டிருந்த இழுவிசை முழுதும் ஒரே நேரத்தில் விடுபட்டு, தகடு கற்கண்டு அளவுத் துண்டுகளாக உதிர்ந்துவிடும். கையைச் சிராய்க்கலாம், நரம்பு வரை அறுக்காது. பிரான்சில் தெ லா பாஸ்தி என்பவர் 1874இலேயே இதன் முன்னோடி முறைக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். என் தங்கையின் காலுக்கு நூற்றுப் பதினைந்து வருஷம் முன்பு.

ஆனால் இந்தப் பலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சூளைக்குள் போவதற்கு முன்பே வெட்ட வேண்டியதை வெட்டி, துளைக்க வேண்டியதைத் துளைத்து, கரையைத் தேய்த்து முடித்துவிட வேண்டும். வெளியே வந்தபின் ஒரு நூல் அளவுகூடக் குறைக்க முடியாது. பாய் வைரப் பேனாவால் ஒரு நிமிஷத்தில் செய்த வேலையை இன்று உலகத்தின் எந்தக் கருவியாலும் டஃபன் தகட்டில் செய்ய முடியாது. அன்று கண்ணாடி சுவருக்கு அடங்கியது. இன்று சுவர்தான் கண்ணாடிக்கு அடங்க வேண்டும்.

இப்போது தாம்பரம் எங்கும் கண்ணாடி. 2021இல் பல்லாவரம், பம்மல், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் சேர்ந்து மாநகராட்சியாகிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் துணிக்கடை, நகைக்கடை, செல்போன் கடை என்று முகப்பெல்லாம் பளபளக்கிறது. எங்கள் ஊரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே செயின்ட் கோபெய்ன் ஆலை 2000இல் திறந்ததிலிருந்து கண்ணாடி ஆறாக ஓடுகிறது. அப்பாவும் நானும் ஒரு பகல் முழுக்க அலைந்து வாங்கிவந்த பொருளை இன்று வீட்டு வாசல் வழியே லாரி லாரியாகக் கொண்டுபோகிறார்கள். அப்படியும் நாலே நாலு தட்டு வாங்குவது எனக்கு எளிதாக இல்லை.

வீட்டு உள்ளலங்காரம் செய்யும் ஓர் இடத்தில் கேட்டேன். நாலு தட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் சேர்த்து 7,500 ரூபாய் என்றார்கள். இணையத்தில் பெட்டியோடு வரும் தட்டுகள் எதுவும் முப்பது அங்குலத்துக்குப் பொருந்தவில்லை. இரண்டு கண்ணாடிக் கடைகளில், “நாலு பீஸுக்கெல்லாம் டஃபன் அனுப்ப மாட்டோம் சார், பிளெயினே போட்டுக்கோங்க” என்று சொன்னார்கள். அந்த ‘பிளெயினே போட்டுக்கோங்க’ என்ற வார்த்தை என்னைச் சுட்டது. தட்டு என்று தெரிந்தும் இப்படிச் சொல்வது தப்பு. ஜன்னல் கண்ணாடியை எடுக்கப்போன அப்பாவைத் தடுத்துப் பார்த்த பாயின் வார்த்தை அவர்கள் வாயில் வந்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அப்பாவுக்கு இந்தச் சந்தைதான் மூர் மார்க்கெட். பழைய டிரங்க் ரோட்டில் செடியும் கோழியும் பழைய கணினியும் கதவு நிலையும் ஒரே வரிசையில் இருக்கும். கலைத்துப்போட்ட அலுவலகங்களின் தடுப்புக் கண்ணாடிகள் அங்கே சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆளுயரம், நல்ல தடி, விலையோ மிகக் குறைவு. மூலையில் முத்திரையைப் பார்த்தேன், டஃபன்தான். போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சாய்வாகப் பார்த்தால் டஃபன் கண்ணாடியில் புள்ளியும் வரியுமாக நிழல் தெரியும். அதுவும் தெரிந்தது. ஆனால் ஆளுயரக் கண்ணாடியை வைத்து நான் என்ன செய்ய? வெட்ட முடியாதே. எங்கள் தெருவில் ஒருவர் இது தெரியாமல் வாங்கிவந்து, ஆசாரியிடம் கொடுத்து வெட்டச் சொல்லியிருக்கிறார். கட்டரை வைத்து அழுத்தியதும் தகடு முழுதும் கூடத்தில் கற்கண்டாகக் கொட்டியது. பழைய டஃபன் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அது இருக்கிற அளவுக்கு ஏற்ற இடம் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். கரையில் சில்லு பெயர்ந்திருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதன் உயிர்நிலை கரையும் மூலையும்தான்.

கடைசியில் சேலையூர் கேம்ப் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை. கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டி விளக்கினார். அந்த விளக்கத்தில்தான் எனக்கு விலையின் கணக்கே புரிந்தது.

“சார், சூளைக்காரங்க நீங்க கேட்ட அளவுக்குக் காசு வாங்க மாட்டாங்க. எங்களுக்கு ஆறு அங்குலம் ஆறு அங்குலமாத்தான் கணக்கு. நீங்க எட்டு அங்குல ஆழம் கேட்டாலும் பன்னெண்டுக்குத்தான் பில். அப்புறம் ஓட்டை ஒண்ணு ஒண்ணுக்கும் தனி, வளைவுக்குத் தனி. வண்டிக்கூலி தனி. கண்ணாடி விலை கம்மிதான் சார், இதெல்லாம்தான் ஏத்துது.”

அப்பாவின் எட்டு அங்குலத்தையே நான் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதை அடித்துவிட்டுப் பன்னிரண்டாக்கினேன். முப்பதுக்குப் பன்னிரண்டு என்றால் ஒரு தட்டு இரண்டரை சதுர அடி, நாலு தட்டுக்குப் பத்து. ஓட்டை வேண்டாம் என்றேன். பக்கச் சுவரில் அலுமினிய ஆங்கிள் அடித்து அதன்மேல் ரப்பர் பட்டை ஒட்டித் தட்டை உட்காரவைத்தால் போதும். கண்ணாடி உலோகத்தையோ சுவரையோ நேராகத் தொடக் கூடாது. தடிமன் எட்டு எம்.எம். டஃபன்தானே, ஐந்து போதாதா என்று கேட்டேன். “உடையாது சார், ஆனா தொங்கும்” என்றார். சரிதான். சூளை, கண்ணாடிக்குப் பலத்தைத் தருகிறது, விறைப்பைத் தருவதில்லை. வளைவதைத் தடுப்பது தடிமன் ஒன்றுதான். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். அப்பாவின் நாலும் இந்த எட்டும் அவ்வளவு தூரத்தில் நிற்கின்றன.

சதுர அடி 180 ரூபாய். நாலு தட்டு 1,800. வண்டிக்கூலி மட்டும் 600 என்றபோது தயங்கினேன். அவரே வழி சொன்னார்: “தெருவுல வேற யாருக்காவது வேணுமான்னு கேளுங்க. சேர்த்து அனுப்பினா கூலி பிரிஞ்சிடும்.” கேட்டேன். ஒரு வீட்டில் சமையலறைத் தட்டு, இன்னொரு வீட்டில் குளியலறைத் தட்டு. வெள்ளத்தில் பலகை இழந்த தெரு எங்களுடையது. சீட்டுக் கட்டுவது மாதிரி மூன்று வீடு சேர்ந்தோம். தலைக்கு 200 ஆனது.

அளவு எடுக்கத்தான் ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. பழைய வீட்டுச் சுவர் எங்கே நேராக இருக்கிறது? ஒவ்வொரு தட்டு உயரத்திலும் முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் அளந்தேன். இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்து, பக்கத்துக்கு ஒரு நூல் கழித்தேன். அங்குலத்துக்கு எட்டு நூல் என்று அப்பா சொல்லித்தந்த கணக்கு. ஒரு தடவை சூளைக்குப் போய்விட்டால் திருத்த வழியில்லை என்பதால், தங்கையை வரச்சொல்லி அவளையும் ஒரு முறை அளக்கச் சொன்னேன். இரண்டு சீட்டும் ஒத்துப்போன பிறகுதான் கடைக்குப் போனேன்.

பத்தாம் நாள் ‘குட்டி யானை’ வண்டியில் வந்து இறங்கியது. ஒவ்வொரு தட்டும் நாலரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இடையில் காகிதம் வைத்து, நிற்கவைத்துக் கட்டியிருந்தார்கள். மூலையில் ஐ.எஸ். 2553 என்ற பாதுகாப்புக் கண்ணாடித் தர எண்ணோடு முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். பிறகு விரலைக் கரையோரம் ஓட்டிப் பார்த்தேன். அப்பா மூன்று நாள் உப்புத்தாளில் தேய்த்தும் வராத மழமழப்பு. அலை இல்லை. தங்கை குனிந்து அதன் வழியே பார்த்தாள். “மச்சாவதாரம் இனிமே நீந்தாது” என்றாள்.

தட்டை மாட்டியபின் கடைக்காரர் கொடுத்தனுப்பிய ஒரு வீணான டஃபன் துண்டை, இரண்டு கோணிக்கு நடுவில் வைத்து அவள் எதிரில் மூலையில் சுத்தியலால் அடித்தேன். கோணியை விரித்துக் காட்டினேன். உள்ளே கத்தி இல்லை, கற்கண்டு. அவள் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். பிறகு செட்டியார் பொம்மையை எடுத்து இரண்டாவது தட்டில் வைத்தாள்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. டஃபன் கண்ணாடி எப்போதாவது, உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்பைடு துகளால், யாரும் தொடாமலே உதிர்வதுண்டு. அபூர்வம், ஆனால் உண்டு. அதனால் தலைக்கு மேல் கனமான பொருளை அதில் வைக்காதீர்கள். குழந்தை தொங்கத்தான் செய்யும், அதை எந்தக் கண்ணாடியும் மாற்றாது. கீழ்த்தட்டு எங்கள் வீட்டில் இன்றும் கடப்பாக் கல்தான்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. அளவை ஆறின் மடங்கில் வையுங்கள், ஓட்டையைத் தவிருங்கள், பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் ரகத்தில் மட்டும் குறைக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கொலுவிலோ ஷோகேஸிலோ குளியலறையிலோ இருக்கிற தட்டின் மூலையை இன்றைக்கு ஒரு தடவை பாருங்கள். அங்கே முத்திரை இல்லாமல், அந்தத் தட்டு ஒரு குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால், அடுத்த நவராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.